விசர்நாய்க்கடிப் பயமும் திரும்பத் திரும்பப் போடும் ஊசியும்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கடந்த ஆடி மாதம் ஒழுங்கையில் கட்டாக்காலி நாய் ஒன்று அவருடைய கெண்டைக்காலில் கடித்து இரத்தம் வந்தது. வைத்தியசாலையில் காயத்தைச் சுற்றி உடனடிப் பாதுகாப்புக்கான சீரமும், குறித்த நாட்களில் ஏ.ஆர்.வி. எனப்படும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் முழுமையாகப் போட்டுக்கொண்டார். மாசியில் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி பாதத்தை நக்கியது. பயம் பிடித்துப் போய் மறுபடியும் இரண்டு நாள் ஊசி போட்டார். சித்திரையில் வீட்டுப் பூனை கையைப் பிறாண்டியது. அதற்கும் இரண்டு நாள். இப்போது கொடியில் காயப்போட்டிருந்த சேலைத் தலைப்பை ஒரு நாய் முகர்ந்துவிட்டுப் போனதாக மகன் சொல்லியிருக்கிறான். அவர் அந்தச் சேலையை ஏற்கனவே உடுத்துவிட்டார். சேலைக்காகவும் ஊசி போட வேண்டுமா, இத்தனை ஊசியால் நரம்போ சிறுநீரகமோ பழுதாகுமா, கெண்டைக்காலில் இடையிடையே ஊசி குத்துவதுபோல் இருப்பதும் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை இறுகுவதும் விசர்நாய்க்கடி (ரேபிஸ்) நோயின் தொடக்கமா என்பவை அவருடைய கேள்விகள்.

உங்களைக் காக்க வைக்காமல் விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலைக்காக ஊசி தேவையில்லை. இதுவரை போட்ட ஊசிகள் உங்கள் நரம்பையோ சிறுநீரகத்தையோ கெடுக்கவில்லை, கெடுக்கப் போவதுமில்லை. நீங்கள் விவரிக்கும் தொண்டை இறுக்கம் விசர்நாய்க்கடி நோயின் இறுக்கம் அல்ல. ஆனால் இந்த மூன்று விடையையும் நீங்கள் ஏற்கனவே பலரிடம் கேட்டிருப்பீர்கள் என்றும், கேட்ட அன்று நிம்மதியாக இருந்து, சில நாட்களில் "ஒருவேளை" என்ற எண்ணம் மறுபடியும் வந்திருக்கும் என்றும் நினைக்கிறேன். ஆகவே காரணங்களையும் விளக்கமாக எழுதுகிறேன். வெளிநோயாளர் பிரிவில் நீண்டகாலம் பணியாற்றியவன் என்ற முறையில், நாய்க்கடி பட்டும் வராமல் இருந்துவிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஆனாலும் கடியே இல்லாமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களின் துன்பமும் பொய்யான துன்பம் அல்ல.

முதலில் இந்த நோய் எப்படித் தொற்றுகிறது என்பதைப் பார்ப்போம். நோய் கொண்ட விலங்கின் உமிழ்நீரில் இருக்கும் வைரசு, கடியினாலோ நகக் கீறலினாலோ தோல் உடைந்த இடத்தின் வழியாக அல்லது கண், வாய், மூக்கு ஆகியவற்றின் மென்படலத்தின் வழியாக உள்ளே போக வேண்டும். உடையாத தோலுக்கு மேல் உமிழ்நீர் பட்டால் அது கழுவிவிட வேண்டிய அழுக்கு, அவ்வளவுதான். உள்ளே போன வைரசு இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதில்லை. தசையில் தங்கி, பின்னர் நரம்பின் நுனியைப் பிடித்து, நரம்பு வழியே மூளையை நோக்கி மெதுவாக நகர்கிறது. இந்த மெதுவான பயணம்தான் மனிதனுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. கடித்த பிறகு ஊசி போட்டு ஒரு நோயைத் தடுக்க முடிவது இதனால்தான். பெரும்பாலானவர்களில் கடிக்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையில் ஒன்று முதல் மூன்று மாதங்கள் கழிகின்றன. ஒரு வாரத்தில் வெளிப்பட்டதும் உண்டு, அரிதாக ஓராண்டுக்கு மேல் சென்றதும் உண்டு. அந்த அரிதான செய்தியைத்தான் பயந்தவர்கள் கைபேசியில் தேடி எடுத்து மனதில் வைத்துக்கொள்கிறார்கள். ஊசியை முறையாக முடித்தவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்ற அடுத்த வரியை அவர்கள் வாசிப்பதில்லை.

வைரசின் வெளிப்புறத்தில் கொழுப்பாலான மெல்லிய உறை ஒன்று இருக்கிறது. சவர்க்காரம் பட்டால் அந்த உறை கரைந்து வைரசு செயலிழக்கிறது. வெயிலும் உலர்வும் அதற்கு ஆகாதவை. யாழ்ப்பாணத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் கொடியில் கிடந்த சேலையில் ஒரு நாயின் மூக்கு ஈரம் பட்டிருந்தாலும், அந்த ஈரம் காயும்போதே அதில் எதுவாவது இருந்திருந்தால் அதுவும் அழிந்துவிடும். அதற்கு மேல் அந்தச் சேலை உங்கள் உடம்பில் பட்டது உடையாத தோலில். துணி, செருப்பு, படலை, தண்ணீர்க் குடம் இவற்றின் வழியாக இந்த நோய் மனிதருக்கு வருவதில்லை. கடித்த நாயின் பெயரைச் சொன்னாலே தோய்த்த உடுப்பை எல்லாம் திரும்பத் தோய்க்கும் வீடுகளை நான் அறிவேன். அந்தத் தோய்ப்பால் நோயும் தடுக்கப்படுவதில்லை, பயமும் கழுவப்படுவதில்லை.

மாசி மாதத்து நாய்க்குட்டி நக்கியதும் இதே வகைதான். பாதத்தில் அன்று புண்ணோ வெடிப்போ இருந்ததா என்பதே அங்கே கேட்க வேண்டியிருந்த கேள்வி. குதிக்கால் வெடிப்பில் இரத்தம் கசிந்துகொண்டிருந்து அதன் மேல் நாய் நக்கியிருந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய தொடுகை. காய்ந்து தடித்த பழைய வெடிப்பு அப்படியல்ல. உலக சுகாதார நிறுவனம் தொடுகைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. தொடுவது, உணவு கொடுப்பது, உடையாத தோலில் நக்குவது முதல் வகை. இதற்கு ஊசி இல்லை. இரத்தம் வராத சிறு கீறலும் மெல்லிய பற்பதிவும் இரண்டாம் வகை, இதற்குத் தடுப்பூசி. தோலைத் துளைத்த கடி, உடைந்த தோலிலோ கண், வாய் போன்ற இடங்களிலோ உமிழ்நீர் பட்டது, வௌவாலுடன் நேரடியாகப் பட்ட தொடுகை ஆகியவை மூன்றாம் வகை. இதற்குத் தடுப்பூசியுடன் சீரமும். எங்கள் நாட்டு வைத்தியசாலைகள் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் வழிகாட்டலைப் பின்பற்றிப் பெரிய தொடுகை, சிறிய தொடுகை என்று பிரிக்கின்றன. அடிப்படை ஒன்றேதான். உங்கள் ஆடி மாதத்துக் கடி பெரிய தொடுகை. அதற்குச் செய்ய வேண்டியது முழுவதும் செய்யப்பட்டிருக்கிறது.

வௌவாலைத் தனியாகக் குறிப்பிட்டதற்கு உள்நாட்டுக் காரணமும் உண்டு. பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் பழந்தின்னி வௌவால்களில் விசர்நாய்க்கடி வைரசுக்கு உறவான ஒரு வைரசு கண்டுபிடிக்கப்பட்டு, அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மாமரத்திலும் இலுப்பையிலும் வௌவால் தொங்குவது பயப்பட வேண்டிய விடயம் அல்ல. அது கடித்த பழத்தை எறிந்துவிட்டால் போதும். ஆனால் கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தூக்கிக் கடியோ கீறலோ வாங்கினால், காயம் சிறிதாக இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வீட்டு எலியும் அணிலும் கடித்தால் வழமையாக இந்த ஊசி தேவைப்படாது. கீரி, மரநாய், குரங்கு கடித்தால் அப்படி விட்டுவிட முடியாது.

இனிப் பூனைக்கு வருகிறேன். பூனைப் பிறாண்டலை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். நாய்க்கு அடுத்தபடியாக நாங்கள் நெருங்கிப் பழகும் விலங்கு அதுதான், வேலி தாண்டி இரவில் எங்கே போய் எதனுடன் சண்டை பிடித்தது என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் பூனை சித்திரையில் பிறாண்டியது, இன்றும் உங்கள் குசினி வாசலில் மீன் தலைக்குக் கத்திக்கொண்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. நாயிலும் பூனையிலும் வைரசு உமிழ்நீருக்கு வருவது நோய்க்குறி தெரிவதற்குச் சில நாட்கள் முன்னரே. உமிழ்நீரில் வைரசு இருக்கும் நிலையை அடைந்த விலங்கு விரைவில் நோய்ப்பட்டுச் சில நாட்களில் இறந்துவிடும். ஆகவே கடித்த அல்லது பிறாண்டிய நாளிலிருந்து 10 நாட்கள் அது சுகமாக இருந்தால், அந்த நாளில் அதன் உமிழ்நீரில் வைரசு இருக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கொள்கிறது. எங்கள் நாட்டில் பாதுகாப்புக்காக 14 நாட்கள் அவதானிக்கச் சொல்கிறார்கள். மாதக்கணக்காக உயிரோடு இருக்கும் பூனை சித்திரை மாதத்துப் பிறாண்டலால் உங்களுக்கு நோயைத் தந்திருக்க முடியாது. அந்த வழக்கு முடிந்துவிட்டது. அதைத் திரும்பத் திறப்பதற்குப் புதிய சான்று எதுவும் இல்லை.

ஊசியின் பாதுகாப்பைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தப் பயத்துக்கு எங்கள் ஊரில் ஒரு பழைய வேர் இருக்கிறது. உங்கள் மாமியார் "விசர்நாய் ஊசி நரம்பைத் தின்னும்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கற்பனை செய்து சொல்லவில்லை. அவருடைய காலத்தில் போடப்பட்டது செம்பிள் வகைத் தடுப்பூசி. வைரசு ஏற்றப்பட்ட ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. தொப்புளைச் சுற்றி வயிற்றில், நாளுக்கு ஒன்றாக 14 அல்லது அதற்கும் மேற்பட்ட ஊசிகள். அந்த மருந்தில் மூளைத் திசுவின் கூறுகளும் கலந்திருந்தபடியால், சிலருடைய உடல் அவற்றுக்கு எதிராகக் கிளம்பித் தன்னுடைய நரம்பையே தாக்கியது. கால் விழுந்தவர்களும் உண்டு, இறந்தவர்களும் உண்டு. அந்த மருந்து எங்கள் நாட்டில் வழக்கொழிந்து நெடுங்காலமாகிறது. பழைய தலைமுறையின் பயம் நியாயமானது. அது சுட்டும் மருந்துதான் இன்றைக்கு இல்லை.

இப்போது போடப்படுவது ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் கலங்களில் வைரசைப் பெருக்கி, அதைக் கொன்று, தூய்மைப்படுத்தி எடுக்கும் மருந்து. மூளைத் திசு அதில் இல்லை. கொல்லப்பட்ட வைரசு உடலுக்குள் பெருகாது. ஆகவே எத்தனை தடவை போட்டாலும் ஊசியால் விசர்நாய்க்கடி நோய் வராது. தோலுக்குள் போடும் முறையில் ஒரு இடத்துக்குச் செல்லும் அளவு 0.1 மில்லிலீற்றர் மட்டுமே. தாதி மெல்லிய ஊசியைத் தோலோடு ஒட்டினாற்போல் சாய்த்துச் செலுத்தும்போது, மைசூர்ப் பருப்பளவில் வெளிறிய சிறு மேடு ஒன்று எழும்பும். மயிர்க்கால்கள் குழி குழியாகத் தெரியும். அந்த மேடு எழும்பினால் மருந்து சரியான இடத்தில் போயிருக்கிறது. சில நிமிடங்களில் அது அமிழ்ந்துவிடுவதைப் பார்த்து "மருந்து வெளியே கசிந்துவிட்டதோ" என்று பதறுகிறவர்கள் பலர். மேடு எழும்பாவிட்டால் அதைத் தாதியே கண்டு, பக்கத்தில் வேறொரு இடத்தில் போட்டுவிடுவார்.

இந்தச் சிறிய அளவு மருந்து சிறுநீரகத்துக்குச் சுமை ஆவதில்லை. போட்ட இடம் சிவந்து தடித்துச் சில நாட்கள் அரிக்கும். சிலருக்கு இலேசான காய்ச்சல், தலையிடி, உடம்பு நோ, தலைச்சுற்று வரலாம், பனடோலோடு அடங்கும். இரண்டாம் மூன்றாம் தடவை போடும்போது போட்ட இடத்து அரிப்பு முன்னதைவிடச் சற்று அதிகமாக இருப்பதுண்டு, ஏனென்றால் உடல் மருந்தை ஏற்கனவே அறிந்திருக்கிறது. கடுமையான ஒவ்வாமை எந்தத் தடுப்பூசிக்கும் போல இதற்கும் மிக அரிதாக ஏற்படலாம். ஊசி போட்டபின் சிறிது நேரம் வாங்கில் இருக்கச் சொல்வது அதற்காகத்தான். முந்தைய தடவைகளில் அப்படி எதுவும் உங்களுக்கு நிகழவில்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் இந்த ஊசி தடையில்லை. மிருக வைத்தியர்களும், நாய் பிடிப்பவர்களும், இந்த வைரசோடு வேலை செய்யும் ஆய்வுகூடத்தாரும் தொழிலின் பொருட்டு முன்கூட்டியே ஊசி போட்டு, தேவைப்படும்போதெல்லாம் ஊக்கிகளும் (பழைய பாதுகாப்பை மீண்டும் உயர்த்தும் ஊசிகள்) போட்டுக்கொண்டு பல ஆண்டுகள் நலமாக வேலை செய்கிறார்கள். பத்தியம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நண்டு, இறால், கத்தரிக்காய் எதையும் விலக்கத் தேவையில்லை; குளிக்கலாம், தலை முழுகலாம்.

திரும்பப் போடுவதில் கவனம் வேண்டியது சீரத்தில்தான், அதை ஊசியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சீரம் என்று நாங்கள் சொல்லும் இம்யூனோகுளோபியூலின், வேறோர் உடலில் உருவான பிறபொருளெதிரிகளை (கிருமியை எதிர்க்கும் புரதங்களை) எடுத்துக் காயத்துக்குள்ளேயே ஏற்றுவது. எங்கள் வைத்தியசாலைகளில் பெரும்பாலும் குதிரையிலிருந்து பெறப்பட்டது. உங்கள் உடல் தன்னுடைய பிறபொருளெதிரிகளை ஆக்குவதற்கு ஏழு நாட்கள் அல்லது அதற்குச் சற்று மேலாகும். அந்த இடைவெளியை நிரப்புவதற்கே சீரம். குதிரைப் புரதம் அந்நியமானது என்பதால் ஒவ்வாமைக்கு இடமுண்டு. ஆகவேதான் அன்று முன்கையில் சோதனை ஊசி போட்டுப் பார்த்து, பிறகு உங்களை அவதானிப்பில் வைத்திருந்தார்கள். ஒருமுறை தடுப்பூசியை முழுமையாக முடித்தவருக்கு, அடுத்த கடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சாதாரணமாகச் சீரம் மறுபடி தேவையில்லை. அவருடைய நீர்ப்பீடனத் தொகுதி, அதாவது நோயெதிர்ப்பு அமைப்பு, வைரசை ஏற்கனவே அறிந்திருக்கிறது. ஊக்கி ஊசி போட்டவுடன் சில நாட்களிலேயே பிறபொருளெதிரிகளை வேகமாக ஆக்கிவிடும். பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்த நினைவு எழும்பி வேலை செய்வது அவதானிக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் உங்கள் கிளினிக் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். வேறு வைத்தியசாலைக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். அட்டை இல்லாமல் போனால், வைத்தியர் உங்களை முதல் தடவை வந்தவராகக் கருதிச் சீரத்திலிருந்து தொடங்க நேரிடும்.

முழுமையாக ஊசி முடித்தவருக்கு மறுபடியும் உண்மையான கடி பட்டால் என்ன செய்வது என்பதற்கும் தெளிவான வழிகாட்டல் இருக்கிறது. முந்தைய சிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்குள் என்றால், காயத்தைக் கழுவிப் பராமரித்தால் போதும், ஊசியும் சீரமும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு நிலைப்பாடு. அதற்குப் பிறகு என்றால், கடித்த நாளிலும் மூன்றாம் நாளிலும் ஊக்கி ஊசி. உள்ளூர் வைத்தியர் காயத்தையும் விலங்கையும் பார்த்து இதில் கூட்டியோ குறைத்தோ முடிவெடுக்கலாம். அவர் கண்ணால் பார்ப்பதை நான் எழுத்தில் பார்க்க முடியாது. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்குக் கணக்கு வேறு. அவர்கள் அதை வைத்தியரிடம் தாமாகவே சொல்ல வேண்டும்.

இனி அறிகுறிகள். கடித்த இடத்தில் ஊசி குத்துவது போன்ற உணர்வு இந்த நோயின் தொடக்கத்தில் வருவது உண்மை. அதை எங்கோ வாசித்த நாளிலிருந்து உங்கள் கெண்டைக்காலில் அது தோன்றத் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். ஆழமாகக் கடிபட்டு ஆறிய தழும்பில், சிறு நரம்புகள் அறுந்து மீண்டும் வளரும்போதும் அதே உணர்வு வரும். ஓர் இடத்தையே நாள் முழுவதும் கவனித்துக்கொண்டிருந்தால் ஆரோக்கியமான காலிலும் வரும். வேறுபாட்டைக் காலம் காட்டிக்கொடுக்கும். விசர்நாய்க்கடி நோய் தொடங்கிவிட்டால் அது நிற்பதில்லை, விட்டு விட்டு வருவதில்லை. நாளுக்கு நாள் ஏறி, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் மரணத்தில் முடிந்துவிடும். பங்குனியில் வந்து, சித்திரையில் இல்லாமல் போய், வைகாசியில் மகனின் பரீட்சைக் காலத்தில் திரும்ப வந்த உணர்வு அந்த நோயாக இருக்க முடியாது.

தொண்டை விடயமும் அப்படியே. இந்த நோயில் தண்ணீரைக் கண்டாலே, சிலருக்குத் தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டாலே, தொண்டைத் தசைகளும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள பிரிமென்றகடு என்ற தசையும் வலியோடு இழுத்துச் சுருங்கும். முகத்தில் காற்று வீசினாலும் அதே இழுப்பு வரும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு அதை வெல்ல முடியாது. நீங்களோ காலையில் தேநீர் குடிக்கிறீர்கள், சோறு சாப்பிடுகிறீர்கள், மின்விசிறிக்குக் கீழே நித்திரை கொள்கிறீர்கள். ஆனால் "விழுங்க முடிகிறதா பார்ப்போம்" என்று சோதிப்பதற்காக ஒரு மிடறு தண்ணீரை வாயில் எடுக்கும்போது மட்டும் தொண்டை இறுகுகிறது. சோதனைதான் இறுக்கத்தை உண்டாக்குகிறது. விழுங்குவது தானாக நடக்க வேண்டிய செயல். அதைக் கண்காணிக்கத் தொடங்கினால் யாருக்கும் சிக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்கள் மனம் "ஒரு ஊசி கூடப் போட்டால் என்ன, கெடுதல் இல்லை என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்" என்று கேட்கும். நியாயமான கேள்வி. ஊசி உடலைக் கெடுக்காது. ஆனால் தேவையில்லாமல் போடும் ஒவ்வோர் ஊசியும் பயத்தைப் பலப்படுத்துகிறது. மாசியில் ஊசி போட்டீர்கள், பயம் இறங்கியது. "ஊசி போட்டதால்தான் தப்பினேன்" என்று மனம் கணக்கெழுதிக்கொண்டது. நக்கியதில் ஆபத்தே இருக்கவில்லை என்ற பாடத்தை அது படிக்கவில்லை. ஆகவே சித்திரையில் பயம் வந்தபோது அதற்கு ஊசிதான் மருந்து என்று தோன்றியது. இப்போது சேலைக்கு வந்து நிற்கிறது. கடி, பிறகு நக்கல், பிறகு கீறல், பிறகு துணி என்று ஆபத்து ஒவ்வொரு படியாகக் குறைந்துகொண்டு வர, பயம் மட்டும் குறையாமல் இருப்பதைக் கவனியுங்கள். இது சொறியச் சொறிய அதிகரிக்கும் அரிப்பைப் போன்றது. சொறிவதை நிறுத்தும் முதல் சில நாட்கள்தான் கடினம்.

நான் சொல்லக்கூடிய வழி ஒன்றே. ஏதாவது நிகழ்ந்தால் அன்றைக்கே ஒரு கொப்பியில் நடந்ததை எழுதுங்கள்: எந்த விலங்கு, எத்தனை மணிக்கு, எங்கே பட்டது, தோல் உடைந்ததா, இரத்தம் வந்ததா, விலங்கை அவதானிக்க முடியுமா. "இருந்திருக்கலாமோ" என்பதை எழுத வேண்டாம். கண்டதை மட்டும் எழுதுங்கள். தோல் உடைந்திருந்தால், அல்லது கண், வாய், மூக்கில் உமிழ்நீர் பட்டிருந்தால், ஒரே ஒரு வைத்தியரிடம் போய் அதைக் காட்டி முடிவைக் கேளுங்கள். அவர் சொன்ன முடிவைக் கீழே எழுதிக் கொப்பியை மூடிவிடுங்கள். இரண்டாவது வைத்தியர், கைபேசித் தேடல், கணவரிடம் நள்ளிரவில் கேட்பது எதுவும் வேண்டாம். இவை எதுவும் இல்லை என்றால் கழுவிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான். முதல் சில நாட்கள் பயம் ஏறும்; ஏறிய பயம் ஊசி இல்லாமலும் தானாக இறங்குவதை நீங்கள் ஒருமுறை கண்டுவிட்டால் அடுத்த தடவை இலகுவாக இருக்கும். வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: ஒவ்வொரு தடவையும் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று ஆறுதல் சொல்வதும் சின்ன ஊசி போலத்தான் வேலை செய்கிறது. "இதைப் பற்றி ஏற்கனவே முடிவெடுத்துவிட்டோம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவது நல்லது. கேலி செய்வது இரண்டையும்விடக் கெட்டது.

இப்படி முயன்றும் சில வாரங்களில் குறையாவிட்டால், அல்லது நித்திரை கெட்டு, பிள்ளையை வெளியே விளையாட விடாமல், வீட்டுக்குள்ளேயே அடங்கத் தொடங்கினால், உளநல வைத்தியரைச் சந்திக்க வேண்டும். நோய்ப் பதகளிப்பும் (நோய் வந்துவிடுமோ என்ற ஓயாத பதற்றம்) எண்ணச் சுழற்சியும் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுபவை. பயத்தைப் படிப்படியாகச் சந்திக்கப் பழக்கும் உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் சில மாதம் எடுக்கும் குளிசையும் உண்டு. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. முதலில் தொலைபேசியில் பேச விரும்பினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. "அந்தக் கிளினிக்கில் ஆராவது கண்டால் என்ன நினைப்பினம்" என்பது எங்கள் ஊரின் வழமையான தயக்கம். நாய்க்கடிக் கிளினிக்கில் உங்களை இதுவரை எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

இந்தப் பதிலை வேறு யாராவது வாசித்து, உண்மையான கடியையும் "பயம்தான்" என்று தள்ளிவிடக் கூடாது. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது ஏறத்தாழ 20க்கும் 30க்கும் இடைப்பட்டிருக்கிறது. நாய்களுக்கான தடுப்பூசியும் இலவச ஏ.ஆர்.வி. ஊசியும்தான் இந்த இறக்கத்துக்குப் பெரிய காரணங்கள். இன்னும் இறப்பவர்களில் பெரும்பாலானோர் ஊசிக்கே வராதவர்கள். குட்டி நாய்தானே, சின்னக் கீறல்தானே என்று இருந்துவிட்டவர்கள். நாய் கடித்தால் உடனே கிணற்றடிக்கோ குழாயடிக்கோ போய், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் முழுமையாகக் கழுவ வேண்டும். உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரமும் போதும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் எதையும் பூசக் கூடாது. பிறகு அன்றைக்கே வைத்தியசாலைக்கு. நாள் கடந்துவிட்டாலும், வாரம் கடந்துவிட்டாலும், "இனிப் போய் என்ன" என்று நிற்காமல் போக வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லக் கூடாது. கட்டி வைத்து அவதானிக்க முடிந்தால் அதுவே பெரிய சான்று. முகத்திலும் தலையிலும் கையிலும் கடிபட்ட பிள்ளைகள் விடயத்தில் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். மூளைக்குத் தூரம் குறைவு, அந்த இடங்களில் நரம்பும் அடர்த்தி. பேச்சு வாங்கப் பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பார்கள் என்பதையும் பெற்றோர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்போது செய்ய வேண்டிய ஒரே வேலை பூனையினுடையது. அதற்கு ஊசி போட்டதாக நீங்கள் எழுதவில்லை. அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோய் இந்த வாரமே தடுப்பூசி போட்டு, அவர் தரும் அட்டையில் அடுத்த ஊசித் திகதியைக் குறித்துக்கொண்டு, ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். பக்கத்து வீட்டு நாய்க்குட்டிக்குப் போட்டாயிற்றா என்று ஒருமுறை கேட்டு, இல்லையென்றால் அதையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.